ஜிமெயில் அதிகாரிகள் சமூகத்துக்கு ஒரு பணிவான மனு

அனுப்புநர்:
எதையும் அழிக்க வேண்டாம் என்று தாங்கள் சொன்னதைக் கேட்டு இதுவரை எதையும் அழிக்காத பயனாளர் ஒருவர்,
தமிழ்நாடு.

பெறுநர்:
உயர்திரு ஜிமெயில் சேமிப்பக அதிகாரி அவர்கள்,
கூகுள் நிறுவனம், மவுண்டன் வியூ, கலிபோர்னியா.
(பதில் எழுத முடியாத முகவரி வழியாக)

பொருள்: மின்னஞ்சல் – சொந்தப் பொறுப்பில் நகல் எடுத்து வைத்தல் – தங்கள் முன்மாதிரியைப் பின்பற்ற அனுமதி கோருதல் – தொடர்பாக.

பார்வை:
1. ஒரு ஜி.பி. இலவசம் என்ற தங்கள் அறிவிப்பு, நாள் 1-4-2004.
2. காணாமல் போன மடல்கள் பற்றிய தங்கள் விளக்கம், பிப்ரவரி 2011.
3. 'சேமிப்பிடம் நிரம்பப் போகிறது' என்ற தங்கள் எச்சரிக்கை, நாள்: தினந்தோறும்.

ஐயா, அம்மா, அல்லது தானியங்கி இயந்திரமே,

பார்வை 1-இல் காணும் நாளில் ஆளுக்கு ஒரு ஜி.பி. இடம் தருவதாக அறிவித்தீர்கள். அப்போது ஹாட்மெயில் தந்துகொண்டிருந்தது 2 எம்.பி.; யாஹூ 4 எம்.பி. ஸ்கேன் செய்த கல்யாணப் பத்திரிகை ஒன்று வந்தால், ஏற்கெனவே இருக்கும் இரண்டு கல்யாணங்களை ரத்து செய்துதான் அதற்கு இடம் பண்ண வேண்டும். அந்தக் காலத்தில் ஐந்நூறு மடங்கு இடம் இலவசம் என்று ஏப்ரல் முதல் தேதியில் சொன்னால் யார் நம்புவார்கள்? முட்டாள்கள் தினக் கேலி என்றே பலரும் நினைத்தார்கள். கேலி இல்லை என்று தெரிந்ததும் தங்கள் அழைப்பிதழுக்காக அலைந்தார்கள். ஈபேயில் அதைக் காசு கொடுத்து வாங்கியவர்களும் உண்டு.

அன்று தாங்கள் எங்களுக்கு உபதேசித்தது ஒரே மந்திரம்: அழிக்காதே, தேடிக்கொள். சேமிப்பிடம் நொடிக்கு நொடி வளர்வதாகக் காட்டும் எண் ஒன்றை முகப்பிலேயே ஓடவிட்டீர்கள். பெட்ரோல் பங்க் மீட்டர் ஓடுவதைப் பார்த்து வயிறெரிந்தே பழகிய எங்களுக்கு, நம் பக்கமாக ஓடும் மீட்டரைப் பார்ப்பது அதுவே முதல் தடவை. அழிக்கும் பழக்கத்தை அன்றோடு கைவிட்டோம்.

பிறகு நடந்தவை தங்கள் கோப்பிலேயே இருக்கும். 2013-இல் அஞ்சல், டிரைவ், படங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜி.பி. என்று ஒரே பட்டாவில் எழுதினீர்கள். ஓரளவு சுருக்கிய படங்களுக்கு மட்டும் கணக்கே கிடையாது என்று 2015-இல் சலுகை தந்தீர்கள். 2021 ஜூன் 1 முதல் அதுவும் கணக்கில் சேரும் என்றீர்கள். அன்று தொடங்கியது, குடும்ப வாட்ஸ்அப் குழுவின் 'இனிய காலை வணக்கம்' ரோஜாப் பூக்களுக்கும் வருமான வரித் துறையின் மடலுக்கும் இடையிலான இடத்தகராறு. ரோஜாக்களே வெல்கின்றன. மீட்டர் இன்றும் ஓடுகிறது. இப்போது அது சந்தாப் பக்கத்தை நோக்கி ஓடுகிறது.

இதில் எங்களுக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. ஓசியில் வாங்கியவன் நியாயம் பேசக் கூடாது என்ற நாகரிகம் தெரிந்தவர்கள்தாம் நாங்கள். ஆனாலும் இரண்டு சுற்றறிக்கைகள் எங்கள் தூக்கத்தைக் கெடுத்திருக்கின்றன. இரண்டாண்டு எட்டிப் பார்க்காத கணக்கை நீக்குவோம் என்று 2023 மே மாதம் அறிவித்து, அவ்வாண்டு டிசம்பரிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தீர்கள். அளவுக்கு மேல் சேர்த்து இரண்டாண்டு அப்படியே வைத்திருந்தாலும் உள்ளே இருப்பவை நீக்கப்படலாம். எட்டிப் பார்க்காமல் இருப்பவர்களில் காலமானவர்களும் உண்டு. எங்களூர் தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு நடையாய் நடப்பவர்களுக்கு, தாங்கள் 2013-இலேயே 'செயலற்ற கணக்கு மேலாளர்' என்று ஒன்றைத் திறந்து, தமக்குப் பின் யார் தம் மடல்களை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதி வைக்க வழி செய்தது தெரியாது. எல்.ஐ.சி. பாலிசியில் நாமினி பெயரை மறக்காமல் எழுதுகிறவர்கள் இதையும் எழுதியிருப்பார்கள். அப்படி ஒன்று இருப்பதைத் தாங்கள் சேமிப்பிட எச்சரிக்கை அளவுக்கு உரக்கச் சொல்லியிருந்தால்.

இன்னொரு செய்தியில் சிரிக்க இடமில்லை. 2022-இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அமெரிக்காவில் ஒரு தந்தை, மருத்துவர் பார்ப்பதற்காகத் தன் சிறு குழந்தையின் உடலில் நோயுற்ற இடத்தைப் படம் எடுத்திருக்கிறார். தங்கள் இயந்திரம் அதைக் குற்றப் படம் என்று முடிவு செய்து கணக்கை முடக்கியது. காவல்துறை விசாரித்துக் குற்றம் ஏதும் இல்லை என்று எழுதிக் கொடுத்த பிறகும் கணக்கு திரும்பவில்லை. மடல்கள், தொடர்புகள், குழந்தையின் முதல் சில வருடப் படங்கள் எல்லாம் போயின. குழந்தைகளைக் காக்கும் நோக்கத்தை யாரும் குறைசொல்ல மாட்டார்கள். ஆனால் ஆள் நிரபராதி என்றான பிறகும் அவர் கடிதக்கட்டு கைதியாகவே இருக்கும் என்பதை அந்தச் செய்தியிலிருந்து தெரிந்துகொண்டோம்.

ஆகவே, நகல் எடுத்து வைக்கத் தங்கள் அனுமதி வேண்டும். இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். தங்களிடமிருந்துதான். பார்வை 2-ஐப் புரட்டவும்.

2011 பிப்ரவரி இறுதியில் ஒரு நாள் சிலருடைய பெட்டி சுத்தமாகக் காலியாக இருந்தது. மொத்தப் பயனாளர்களில் 0.02 சதவீதம் பேர் என்றீர்கள். சேமிப்பு மென்பொருளைப் புதுப்பித்தபோது அதில் புகுந்த பிழைதான் காரணம். ஒவ்வொரு மடலுக்கும் வெவ்வேறு தரவு மையங்களில் பிரதிகள் இருந்தும், பிழை பல பிரதிகளைத் தொட்டுவிட்டது. பிறகு எப்படி மீட்டீர்கள்? காந்த நாடாவிலிருந்து. ஆம், உலகத்தையே மேகத்துக்குக் குடியேற்றிய தாங்கள், இணையத்தோடு தொடர்பில்லாத நாடாவில் ஒரு பிரதி எடுத்துத் தனியாக வைத்திருந்தீர்கள்! மேகத்தை நம்பாத முதல் ஆள் மேகத்தின் சொந்தக்காரர்தான் என்று அறிந்தபோது எங்களுக்கு ஏற்பட்ட மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. பத்து இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பிரதிகள் ஒரே பிழைக்குப் பலியாகும். ஓடாமல் பெட்டிக்குள் கிடப்பதுதான் நகல். இந்தப் பாடத்தை இவ்வளவு செலவு செய்து வேறு யார் சொல்லிக் கொடுப்பார்கள்?

நகல் எடுப்பது எங்களுக்குப் புதிதல்ல. ரேஷன் கார்டுக்கு மூன்று ஜெராக்ஸ், ஆதாருக்கு ஐந்து, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழுக்குக் கணக்கே இல்லை. மூலத்தை லாமினேஷன் செய்து, ஜெராக்ஸில் பச்சை மையில் கையெழுத்து வாங்கி, எல்லாவற்றையும் துணிக்கடைப் பையில் போட்டு பீரோவில் வைத்தால்தான் எங்கள் அம்மாக்களுக்கு உறக்கம் வரும். அப்படிப்பட்ட வம்சம், வீட்டுக் கடன் ஒப்புதல், காப்பீட்டுப் பாலிசி, பிள்ளையின் கல்லூரி அனுமதிக் கடிதம், காதலித்த காலத்து நீண்ட மடல்கள் அனைத்தையும் ஒரே ஒரு கடவுச்சொல்லுக்குப் பின்னால் விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறதென்றால், அது தங்கள் மீதுள்ள பக்தியல்லாமல் வேறென்ன?

நகல் எடுக்கத் தாங்களே 'டேக்அவுட்' என்ற கதவை 2011-இல் திறந்தீர்கள். ஜிமெயிலுக்கு அந்தக் கதவு 2013 டிசம்பரில் திறந்தது. உள்ளே போனால் தங்கள் சேவைகள் அனைத்துக்கும் டிக் போட்டு வைத்திருக்கிறது. எல்லாவற்றையும் நீக்கி 'மெயில்' ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். வேண்டிய லேபிள்களை மட்டும் எடுக்கவும் வசதி உண்டு. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வீதம் ஓராண்டுக்குத் தானாக எடுத்துத் தரும் ஏற்பாடும் இருக்கிறது; இதற்காகத் தங்களை மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் நகல் தயார் என்ற தகவலும் இணைப்பும் எந்தப் பெட்டி நிரம்பி வழிகிறதோ அதே பெட்டிக்குத்தான் வருகின்றன. ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் இணைப்பும் காலாவதி. பூட்டிய வீட்டின் சாவியை அதே வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே போடும் இந்த ஏற்பாட்டை வடிவமைத்தவருக்கு எங்கள் வணக்கத்தைத் தெரிவிக்கவும்.

இறங்கி வருவது 'எம்பாக்ஸ்' கோப்பு. யுனிக்ஸ் காலத்துப் பழைய வடிவம். எல்லா மடல்களும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதப்பட்ட ஒரு நீண்ட உரைக்கோப்பு. விண்டோஸில் அதை இரட்டைச் சொடுக்குச் சொடுக்கினால், எதைக் கொண்டு திறக்க என்று நம்மையே திருப்பிக் கேட்கும். பெரும்பாலானவர்களுடைய நகல் முயற்சி இந்தக் கேள்வியோடு முடிந்துவிடுகிறது. பிடிவாதக்காரர்கள் அதைப் பென் டிரைவில் போட முயல்வார்கள். 32 ஜி.பி. காலியாகக் கிடக்கும், ஆனாலும் கோப்பு மிகப் பெரியது என்று மறுத்துவிடும். பென் டிரைவ் பழைய ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் வாயைத் திறக்கும். மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால், முதலில் பென் டிரைவுக்கு ஒரு நகல் எடுக்க வேண்டும்.

எம்பாக்ஸைத் திறக்க தண்டர்பேர்ட் இருக்கிறது. 2004 டிசம்பரில் முதல் பதிப்பு வந்தது. ஜிமெயிலோடு ஒரே வருடத்துப் பிறப்பு. அதில் ஒரு நீட்சியைச் சேர்த்துக்கொண்டால் எம்பாக்ஸ் கோப்பு உள்ளே போய்விடும். இங்கே ஒரு மயக்கத்தையும் சொல்லியாக வேண்டும். "என் மடல்கள் எல்லாம் கம்ப்யூட்டரிலேயே தெரிகின்றனவே, அதுதானே நகல்?" என்று ஆபீஸில் பலர் நெஞ்சை நிமிர்த்துவார்கள். அவர்கள் இணைத்திருப்பது ஐமேப் வழியில். ஐமேப் என்பது ஒத்திசைவு. அங்கே ஒரு மடலை அழித்தால் அடுத்த நிமிடம் இங்கேயும் அழியும். அங்கே பெட்டியே காலியானால் இங்கேயும் ஒழுங்காகக் காலியாகும். 2011-இல் தங்கள் பிரதிகள் பலவற்றையும் ஒரே பிழை தொட்டதே, அதே கதை வீட்டிலும் நடக்கும். நகல் வேண்டுமானால் 'எல்லா அஞ்சல்' கோப்புறையில் இருப்பதை, கணக்கோடு ஒட்டாத 'உள்ளூர்க் கோப்புறை'க்குப் பிரதியெடுக்க வேண்டும். லேபிள் வாரியாக எடுத்தால், மூன்று லேபிள் ஒட்டிய மடல் மூன்று மடலாக வந்து நிற்கும்.

இனி, மேசைக் கணினிக்கு எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது என்ற விவகாரம். அழகு, வேகம், இலவசம் என்று எங்கள் வீடுகளில் பல அளவுகோல்கள் உண்டு. தங்கள் பேட்டை வரலாற்றைப் படித்த பிறகு ஒரே அளவுகோல்தான் மிஞ்சுகிறது: இந்த மென்பொருள் நாளை செத்தால் என்ன கோப்பை விட்டுப் போகும்? அந்தக் கோப்பை வேறு யாராவது திறப்பார்களா?

2019 ஏப்ரல் 2 என்ற ஒரே நாளில் 'இன்பாக்ஸ்' செயலியையும் கூகுள் பிளஸையும் தாங்கள் அடக்கம் செய்தீர்கள். அதற்கு முன்பே 2013-இல் ரீடர், 2016-இல் பிகாஸா. இப்படித் தங்களை மட்டும் சொன்னால் பட்சபாதம். மைக்ரோசாஃப்டின் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் எக்ஸ்பி காலத்தோடு போயிற்று. அது விட்டுப் போன டிபிஎக்ஸ் கோப்புகள் அனாதைகளாயின. பழைய அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்பு 2 ஜி.பி.யைத் தொட்டதும் மூச்சடைத்துப் போகும். விண்டோஸோடு வந்த 'மெயில்' செயலியை 2024 இறுதியோடு நிறுத்திவிட்டு 'புதிய அவுட்லுக்'கை நீட்டுகிறார்கள். அதில் ஜிமெயில் கணக்கைச் சேர்த்தால் மடல்கள் மைக்ரோசாஃப்ட் மேகத்துக்கும் ஒரு சுற்றுப் போய்வருகின்றன. மேசையில் இருப்பதுபோல் தோற்றம், குடியிருப்பதென்னவோ வானத்தில்.

தண்டர்பேர்டையும் மொசில்லா 2012-இல் ஏறக்குறையக் கைகழுவியது. பயனாளர்களின் நன்கொடையில் அது பிழைத்து வந்திருக்கிறது. பிழைக்காமல் போயிருந்தாலும் அது எழுதிவைத்த எம்பாக்ஸை வேறு பத்து மென்பொருள்கள் திறந்திருக்கும். நாங்கள் அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் அதன் ஆயுசு கெட்டி என்பதல்ல. அது செத்தாலும் நம்மைக் கூடவே இழுத்துக்கொண்டு போகாது என்பதுதான். இதே கண்ணோடு பார்த்தால் மற்றவையும் எளிதில் முடிவாகின்றன. கட்டுரைக்கும் கணக்குக்கும் லிப்ரே ஆபீஸ்: அதன் ஓடிஎஃப் வடிவம் 2006-இலேயே ஐ.எஸ்.ஓ. தரமானது. சுருக்கிக் கட்டுவதற்கு செவன்-சிப். நாற்பது நாள் சோதனைக்காக வந்து, எங்கள் மக்களின் வீடுகளில் பதினைந்து வருடமாகச் சோதனையில் இருக்கும் வின்ரார் நண்பரை வருத்தத்தோடு வழியனுப்பலாம். படம் பார்க்க விஎல்சி. 2022-இல் அதன் தளத்தை இந்தியாவில் முடக்கினார்கள். நவம்பரில் தடை நீங்கியது. இடைப்பட்ட மாதங்களில் நிறுவும் கோப்பைக் கைவசம் வைத்திருந்தவர்கள் எதுவும் நடக்காததுபோல் சினிமா பார்த்துக்கொண்டிருந்தார்கள். மடலோடு, மடலைத் திறக்கும் மென்பொருளின் நிறுவல் கோப்பையும் சேர்த்து வைக்க வேண்டும் என்பது அதிலிருந்து கிடைத்த இலவசப் பாடம்.

இதையெல்லாம் தமிழர்கள் ஏன் இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று தாங்கள் வியக்கலாம். எங்களுக்கு அனுபவம் உண்டு. இணையத் தமிழின் இளமைக் காலம் கழிந்தது யாஹூ குழுமங்களில். மரத்தடி, ராயர் காப்பி கிளப், அகத்தியர் என்று எத்தனையோ குழுமங்கள். சங்கப் பாடலிலிருந்து சட்னி வரை சண்டை போட்ட இடங்கள். 2019-இல் யாஹூ அங்கே சேர்ந்திருந்தவற்றை நீக்கப்போவதாக அறிவித்தது. 2020 டிசம்பரில் கடையையே மூடியது. குழும மடல்களைத் தன் கணினியில் இறக்கி வைத்தவரிடம் அந்தச் சண்டைகள் பத்திரமாக இருக்கின்றன. அவற்றிலும் பழையவை யூனிகோடுக்கு முந்திய திஸ்கி குறியாக்கத்தில் எழுதியவை. இன்று திறந்தால் தொப்பி போட்ட ஆங்கில எழுத்துகளாகப் பல்லிளிக்கும். ஆனால் கோப்பு கையில் இருந்தால் என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற ஒன்று அதை யூனிகோடு ஆக்கித் தந்துவிடும். குறியாக்கம் மாறினால் மீட்க வழியுண்டு. கோப்பே இல்லையென்றால் எந்தக் கன்வர்ட்டரும் உதவாது.

நகல் எடுக்க உலகமே ஒரு நாளை ஒதுக்கியிருப்பதும் எங்கள் கவனத்துக்கு வந்தது: மார்ச் 31. மறுநாள் முட்டாள்கள் தினம் என்பதால் அந்தத் தேதியாம். அந்த மறுநாள்தான் ஜிமெயிலின் பிறந்த நாளும் என்பது தற்செயலே என்று நம்புகிறோம். ஆனால் எங்கள் நாட்டில் மார்ச் 31 நிதியாண்டு முடியும் நாள். வங்கியும் ஆடிட்டர் அலுவலகமும் கருவூலமும் ராத்திரி வரை விழித்திருக்கும் அன்றைக்கு எவனும் நகல் எடுக்க மாட்டான். எங்களுக்குப் பொருத்தமான நாள் ஆயுதபூஜை. கம்ப்யூட்டருக்கு எப்படியும் அன்று சந்தனம் குங்குமம் வைக்கிறோம். பொட்டு வைக்கும் நேரத்தில் ஹார்ட் டிஸ்கையும் செருகிவிடலாம்.

ஆகையால் தாங்கள் கருணை கூர்ந்து கீழ்க்காணும் கோரிக்கைகளை நிறைவேற்றித் தருமாறு வேண்டுகிறோம்:

1. சேமிப்பிடம் நிரம்புகிறது என்று எச்சரிக்கும்போது 'கூடுதல் இடம் வாங்கு' என்ற பொத்தானுக்குப் பக்கத்தில், அதே அளவில், அதே நிறத்தில், 'நகல் எடுத்துக்கொண்டு போ' என்ற பொத்தானையும் வைக்க வேண்டும்.

2. ஒரு கணக்கை முடக்கினாலும் நீக்கினாலும், சட்டம் தடுக்காத மடல்களை உரியவர் எடுத்துக்கொள்ள அவகாசம் தர வேண்டும். ஜப்திக்கு வரும் அமீனாகூட வேட்டி துணியை எடுத்துக்கொள்ள விடுவார்.

3. பழைய மென்பொருள்கள் வெறும் கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே வருவதை 2022-இல் நிறுத்தினீர்கள். பாதுகாப்புக்காக என்றீர்கள், ஒப்புக்கொள்கிறோம். அதே பாதுகாப்பைக் காரணம் காட்டி ஐமேப் கதவையும் ஒரு நாள் சாத்திவிட வேண்டாம்.

4. டேக்அவுட் தரும் கோப்பை எதைக் கொண்டு திறப்பது என்பதைக் கோப்போடு ஒரு பக்கத் தாளாக, தமிழிலும் அனுப்ப வேண்டும்.

5. தாங்கள் இன்னமும் நாடாவில் நகல் எடுத்து வைக்கிறீர்களா என்பதை வருடத்துக்கு ஒரு முறை வெளியில் சொல்ல வேண்டும். தாங்கள் நிறுத்தும் நாள்வரை நாங்களும் நிறுத்த மாட்டோம்.

இந்த மனுவுக்கு 30 நாள்களுக்குள் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே எடுத்துக்கொள்வோம். பதில் வராது என்பது தெரியுமாதலால் வேலையை முன்கூட்டியே முடித்துவிட்டோம் என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
15 ஜி.பி.யில் 14.9-ஐ நிரப்பிய பயனாளர்.

நகல்:
1. மேசைக் கணினி, தண்டர்பேர்ட், உள்ளூர்க் கோப்புறை.
2. வெளி ஹார்ட் டிஸ்க். (நகல் எடுக்கும் நேரம் தவிர மற்ற நேரங்களில் கணினியிலிருந்து கழற்றி வைக்கப்படும்.)
3. இன்னொரு ஹார்ட் டிஸ்க், தென்காசி அக்கா வீட்டு பீரோ, பட்டுப்புடவைகளுக்கு அடியில்.

மூன்றும் திறந்து பார்த்துச் சரிபார்க்கப்பட்டன. உண்மை நகல் எனச் சான்றளிக்கப்படுகிறது.